எழுதுகிறவருக்கு எதற்குப் பட்டம்?

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அங்கேதான் அரங்கேற்றினார் என்பது ஊர் வழக்கு. அரங்கேற்றத்துக்கு முன்பு அவர் பட்ட பாட்டைச் சொல்லும் கதையும் உண்டு. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் உடனே தலையாட்டவில்லையாம். தில்லை தீட்சிதர்களிடம் ஒப்புதல் வாங்கி வரச் சொன்னார்களாம். அவர்கள் எல்லோரும் ஒருசேரக் கூடும் நேரம் வாய்க்காமல் கம்பர் காத்துக் கிடந்தார். பாம்பு கடித்து இறந்த பிள்ளைக்காக அவர்கள் கூடியபோது நாகபாசப் படலத்தைப் பாடினார், பிள்ளை எழுந்தது, கையெழுத்து கிடைத்தது. அதோடும் விடவில்லை. இன்னும் சில ஊர்களுக்கு அலைந்து சிலரிடம் ஒப்புதல் வாங்கினார். கடைசியில் கோயிலின் நரசிம்மரான மேட்டழகிய சிங்கரே தலையை அசைத்து முழங்கிய பிறகுதான் ஊர் வாயை மூடியது.

வரலாற்றுச் சான்று கேட்டால் நிற்காத கதை. ஆனால், இதைக் கட்டியவர்களுக்கு ஊரின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பத்தாயிரம் பாட்டு எழுதிக் கொண்டுவந்தவரிடம் 'சான்றிதழ் எங்கே?' என்று கேட்கும் குணம் அது.

இன்று அதே ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவிலும் உறையூரிலும் தில்லை நகரிலும் ஐம்பதைத் தாண்டிய பலர் தாங்களாகவே அந்தச் சான்றிதழைத் தேடிப் போகிறார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த பெண்கள், திருவெறும்பூர் பெல் நிறுவனத்தில் ஓய்வுபெற்றவர்கள், பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள், எல்.ஐ.சி.யில் இருந்தவர்கள். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. அல்லது எம்.ஏ. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பணம் கட்டுகிறார்கள். இவர்களில் கணிசமானவர்கள் கதையோ கவிதையோ எழுதுகிறவர்கள். வார இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தவர்கள், சொந்தக் காசில் ஒரு தொகுப்பு போட்டவர்கள், ஒன்றும் அச்சாகாமலே நோட்டு நோட்டாக எழுதி வைத்திருப்பவர்கள்.

இவர்களை இரண்டு கேள்விகள் துரத்துகின்றன. வீட்டில் கேட்பது, "இந்த வயசுல எதுக்கும்மா படிப்பு?" இலக்கியக் கூட்டத்தில் கேட்பது, "நீங்கதான் எழுதுறீங்களே, பட்டம் எதுக்கு?" முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, கேட்பவருக்கே வெட்கம் வர வேண்டிய கேள்வி அது. இரண்டாவது கேள்வி நியாயமானது. இந்தத் திருச்சி மாவட்டத்தின் எழுத்து வரலாறே அந்தக் கேள்வியின் பக்கம்தான் நிற்கிறது.

காவிரியின் வடகரையில் முசிறியும் தொட்டியமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1920-களில் இந்த வட்டாரத்தில் சில ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு பெண்கள் தமிழ் நாவலில் பெரிய பெயர் வாங்கினார்கள். ஒருவர் 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி. தொட்டியத்தில் வளர்ந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தபோது வீட்டிலிருந்து பணம் வருவது தடைபட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலம். படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்புவதுதான் வழி என்ற நிலையில் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.எஸ்.வாசனைப் போய்ப் பார்த்தார். கதை எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தில் படித்துக்கொள்கிறேன் என்றார். வாசன் ஒப்புக்கொண்டார். கதை எழுதி வாங்கிய பணத்தில் ஒரு பெண் டாக்டரானார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து, திரும்பி வந்து, 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார்.

மற்றவர் ராஜம் கிருஷ்ணன். முசிறியில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. கணவர் மின் பொறியாளர். அவருக்கு மாற்றலான ஊருக்கெல்லாம் உடன் போனார். போன இடத்தில் சமையலறையோடு நிற்காமல் அங்கிருந்த மனிதர்களைப் பார்த்தார். நீலகிரியில் படகர்களைப் பார்த்து 'குறிஞ்சித் தேன்' எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், காலும் கண்ணும் வெந்துபோன தொழிலாளர்களோடு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். கடற்கரை மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்'. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-லேயே சாகித்ய அகாடமி விருது கிடைத்துவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கிய பக்கத்து ஊர்க்காரருக்குப் பதினோரு ஆண்டு முன்னதாக.

ராஜம் கிருஷ்ணன் செய்த களப்பணிக்கு இன்று எந்தச் சமூகவியல் துறையும் கண்ணை மூடிக்கொண்டு முனைவர் பட்டம் தரும். அவர் காலத்தில் அது ஒரு குடும்பத் தலைவியின் பொழுதுபோக்காகத்தான் பல்கலைக்கழகங்களின் கண்ணில் பட்டிருக்கும். அவருடைய நாவல்கள் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அவற்றை ஆராய்ந்து எத்தனையோ பேர் எம்.ஃபில்., பிஎச்.டி. வாங்கினார்கள். நாவலை ஆராய்ந்தவருக்குப் பட்டம் உண்டு, நாவலை எழுதியவருக்கு இல்லை என்ற இந்த ஏற்பாட்டை நாம் இயல்பானதாக எடுத்துக்கொண்டுவிட்டோம். எனக்கு அது இன்றைக்கும் விசித்திரமாகவே படுகிறது.

ஸ்ரீரங்கத்துக்கே வருவோம். 'குமுதினி' என்ற பெயரில் எழுதிய ரங்கநாயகி தாத்தம் 1905-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே மணமாகி, மடியும் ஆசாரமும் மிகுந்த வீட்டில் மருமகளானவர். பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே ஆங்கிலமும் இந்தியும் வங்காளியும் கற்று, தாகூர் நாவலைத் தமிழுக்குக் கொண்டுவரும் அளவுக்கு வளர்ந்தார். புராணப் பெண்கள் அந்தப்புரத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை செய்து அவர் எழுதிய கட்டுரைகளின் குறும்பு இன்றும் பழசாகவில்லை. காந்தியவாதி, கதர் உடுத்தினார். திருச்சி சேவா சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பாடம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்தக் குறும்பு தேறியிருக்குமா என்பது தனிக் கேள்வி.

மாவட்டத்தின் தென்கோடியில் துவரங்குறிச்சி. அங்கே ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண் கவிதை எழுதினார். சல்மா. 2000-ல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. இடையில் பேரூராட்சித் தலைவர். 2025 முதல் மாநிலங்களவை உறுப்பினர்.

பட்டம்தான் எழுத்தைக் கொடுக்கும் என்று நினைப்பவருக்கு சுஜாதாவைக் காட்டலாம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பொறியியல் முடித்து, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். தமிழ் இலக்கியத்துக்கென்று எந்தப் பரீட்சையும் எழுதியவரல்லர்.

ஆகவே, எழுதுவதற்குப் பட்டம் வேண்டாம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால், இந்தப் பெயர்களை அடுக்கிக் காட்டி, 'பாருங்கள், இவர்களெல்லாம் படித்தார்களா?' என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குமுதினியும் ராஜம் கிருஷ்ணனும் சல்மாவும் படிப்பை வேண்டாமென்று உதறியவர்கள் அல்லர். படிக்க விடப்படாதவர்கள். கதவைச் சாத்தியபோது சன்னல் வழியாக வெளியே வந்தவர்களைக் காட்டி, கதவே தேவையில்லை என்று வாதாடக் கூடாது. வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று நம்மிடம் கணக்கில்லை. இன்று ஐம்பத்தைந்து வயதில் விண்ணப்பம் வாங்குகிற பெண்மணி அந்தக் கணக்கில் வரக்கூடியவர். பத்தொன்பது வயதில் அவருக்குக் கிடைக்காத ஒன்றை இப்போது தாமாகப் போய் எடுத்துக்கொள்கிறார். அதற்கு அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பட்டமும் எழுத்தும் கைகோத்துப் போன முன்மாதிரி தமிழில் இல்லாமலும் இல்லை. மு.வரதராசன் 1912-ல் பிறந்தவர். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தனியாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே 1939-ல் பி.ஓ.எல்., கல்லூரிக்குப் போன பிறகு 1944-ல் எம்.ஓ.எல். இதற்கிடையே எழுத்து. முதல் நாவல் 'செந்தாமரை' 1946-ல் வந்தது. 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முதல் முனைவர் பட்டம் அவருக்கு. கல்லூரியில் உட்கார்ந்து படிக்க வாய்ப்பில்லாத ஒருவர் தனித்தேர்வராகவே படியேறினார். அவர் துணைவேந்தராக இருந்த 1971-ல்தான் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் வீட்டிலிருந்தே பட்டம் வாங்க இலட்சக்கணக்கானவர்களுக்கு வழிவிட்ட திட்டம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே 1971-ல். நாம் ஒன்றும் பின்தங்கித் தொடங்கவில்லை.

தொடங்கியதை எதற்காக நடத்துகிறோம் என்பதில்தான் பின்தங்கினோம். தொலைநிலைக் கல்வி என்றாலே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் என்றாகிவிட்டது. பள்ளி இறுதி, மேல்நிலை என்ற படிக்கட்டில் ஏறாமல் திறந்தநிலை முறையில் நேராக வாங்கிய பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றும் அதற்கு வழிகாட்டியது. வேலை நியமனத்தில் ஒழுங்கு வேண்டும், சரி. ஆனால், அந்த ஆணைக்குப் பிறகு மக்கள் பேச்சில் 'செல்லும் பட்டம்', 'செல்லாத பட்டம்' என்று இரண்டே வகைதான். வேலைக்கே போகப் போவதில்லை என்பவரிடம்கூட 'இது செல்லுமா?' என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த தொலைநிலைப் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் அக்குழுவே தெளிவுபடுத்தியது. அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

சரி, எழுதுகிறவருக்கு அந்தப் படிப்பு என்ன தரும்? தானாகத் தேடிப் படிக்காததைப் படிக்க வைக்கும். என் பார்வையில் இதுதான் பெரிய லாபம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமக்குப் பிடித்ததையே படிக்கிறவர்கள். கதை எழுதுகிறவர் கதை படிப்பார். புதுக்கவிதை எழுதுகிறவர் புதுக்கவிதை படிப்பார். நன்னூலையும் தண்டியலங்காரத்தையும் பொருளதிகாரத்தையும் யார் ஆசைப்பட்டுக் கையில் எடுப்பார்கள்? பரீட்சை இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு அதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். யாப்பு தெரிந்தவர் எழுதும் உரைநடையில் ஓசை தடம் மாறாது என்பது என் அனுபவம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரருக்கு இன்னொரு தனி லாபமும் இருக்கிறது. மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளும் அரையர் சேவையையும் பிரபந்தத்தையும் கேட்டு வளர்ந்த காதுகள் அங்கே நிறைய உண்டு. நம்மாழ்வார் பாட்டு நாக்கு நுனியில் இருக்கும். ஆனால், அது சேவிப்பதற்கான பாட்டு. அதில் அகத்துறை எப்படி வந்து அமர்ந்திருக்கிறது, தலைவியின் குரலில் ஓர் ஆண் எதற்காகப் பேசுகிறார் என்று யோசிக்க அங்கே இடமில்லை. பக்தி இலக்கியத் தாளுக்காக அதே பாசுரத்தைச் சங்க அகப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஐம்பது ஆண்டாகத் தெரிந்த பாட்டு முதன்முறையாகக் கவிதையாகத் தெரிகிறது. இப்படிச் சொன்னவர் ஒருவரல்லர்.

இரண்டாவது லாபம் துணை. எழுத்து தனியாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காண்டாக்ட் கிளாஸில் இருபத்திரண்டு வயதுப் பையனும் அறுபது வயது அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஜெராக்ஸைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எழுதியதைக் காட்ட வீட்டில் ஆளில்லாதவருக்கு அந்த பெஞ்சு பெரிய விஷயம். சத்திரம் பேருந்து நிலையத்தில் 1-ஆம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் புதுமைப்பித்தனைப் பற்றிச் சண்டை போட ஒரு ஆள் கிடைக்கிறதென்றால், பட்டத்தை விடுங்கள், கட்டிய பணம் அதிலேயே தீர்ந்தது.

நஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். நம் தேர்வு முறை எழுதுகிறவரின் கையைக் கட்டிப்போடுகிறது. ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா, 'சுட்டுக', 'விளக்குக', 'மதிப்பிடுக'. கைடில் உள்ள வரிசையில் உட்தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண். எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் இருபது ஆண்டாகச் சிறுகதை எழுதுகிறவர். எம்.ஏ. தமிழில் இலக்கணத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கினார். இக்கால இலக்கியத் தாளில்தான் தட்டுத்தடுமாறித் தேறினார். சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய கேள்விக்குத் தம் சொந்தக் கருத்தை எழுதிவிட்டாராம். "கைடு படிச்சிருக்கணும்" என்று சிரித்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. எதில் சேர்ந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு ஆபத்து மொழிக்கு. இரண்டு ஆண்டு அசைன்மென்ட் எழுதியவரின் கதையில், கதாபாத்திரம் திடீரென்று 'எனலாம்', 'என்பது வெள்ளிடை மலை' என்று பேசத் தொடங்கிவிடுகிறது. நல்ல வேளையாக, அது ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும் காய்ச்சல்தான். படிப்பை முடித்ததும் பிஎச்.டி.க்கும் பதிவு செய்துகொண்டால் உதிராது.

இங்கே அமெரிக்காவின் ஹாரியட் டோர் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1910-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர் 1930-ல் கல்யாணத்துக்காகப் படிப்பை விட்டார். கணவருக்கு மெக்சிகோவில் சுரங்கத் தொழில். பிள்ளைகள், வீடு, மெக்சிகோ வாழ்க்கை என்று நாற்பது ஆண்டு போனது. 1972-ல் கணவர் இறந்தார். மகன் தூண்டிவிட, விட்ட படிப்பைத் தொடரப் போனார். 1977-ல், 67 வயதில், ஸ்டான்ஃபோர்டில் பி.ஏ. பட்டம். பட்டப் பாடம் வரலாறு. ஆனால், அந்தப் பல்கலைக்கழகத்தில் கதை எழுதப் பயிற்சி தரும் வகுப்பும் இருந்தது. பேரன் பேத்தி வயது மாணவர்களோடு அதில் உட்கார்ந்தார். மெக்சிகோவில் கழித்த ஆண்டுகளைக் கதையாக எழுத அங்கேதான் அவருக்குக் கை வந்தது. 1984-ல், 74 வயதில், முதல் நாவல் 'ஸ்டோன்ஸ் ஃபார் இபாரா' வெளிவந்து, அந்நாட்டின் தேசியப் புத்தக விருதை முதல் நாவலுக்கான பிரிவில் பெற்றது.

அவர் திறமைசாலி என்பது கதையின் பாதிதான். மீதிப் பாதி, அவர் போன இடத்தில் அப்படி ஒரு வகுப்பு இருந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922-லேயே, ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கவிதைத் தொகுப்பையோ நாவலையோ மேற்பட்டத்துக்குச் சமர்ப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டது. 1970-ல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகம் படைப்பெழுத்துக்கு எம்.ஏ. தொடங்கியது. அந்த நாடுகளில் இப்போது இது அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது, எல்லா நாவலும் ஒரே பட்டறையில் செய்ததுபோல் இருக்கிறது என்ற புகாரும் உண்டு, நியாயமான புகார்தான். நமக்கு அந்தக் கவலை வர இன்னும் நெடுங்காலம் ஆகும். இந்தியாவில் இக்னோ பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் படைப்பெழுத்துக்குப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தமிழில் எழுதுகிற ஒருவர் தமிழ் எம்.ஏ.வில் தம் எழுத்தையும் சேர்த்துப் படிக்க ஏன் வழியில்லை?

நான் கேட்பது புதிய துறையையோ புதிய கட்டடத்தையோ அல்ல. முதுகலையில் இறுதிப் பருவத்தில் திட்டக் கட்டுரை என்று ஒன்று பல இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது பழைய ஆய்வேடுகளிலிருந்து வெட்டி ஒட்டியது என்பது வழிகாட்டிக்கும் தெரியும், மாணவருக்கும் தெரியும், பைண்டிங் கடைக்காரருக்கும் தெரியும். அந்த இடத்தில், விரும்புகிறவர் ஆறேழு சிறுகதைகளோ, ஒரு குறுநாவலோ, ஒரு மொழிபெயர்ப்போ, தம் தெருவின் வாய்மொழி வரலாறோ எழுதிக் கொடுக்கலாம் என்று விதியைத் திருத்த ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டம் போதும். தம் எழுத்தைத் தமிழ் மரபில் எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று இருபது பக்கம் உடன் எழுதட்டும். வாய்மொழித் தேர்வுக்குப் பேராசிரியரோடு ஓர் எழுத்தாளரும் வந்து உட்காரட்டும். கைடிலிருந்து காப்பியடிக்க முடியாத ஒரே தாள் அதுவாகத்தான் இருக்கும்.

எழுத்தாளரைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைப்பதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத கி.ராஜநாராயணனை 1989-ல் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, 1880-ல், எந்தக் கல்லூரிப் பட்டமும் இல்லாத உ.வே.சாமிநாதையரைக் கும்பகோணம் அரசுக் கல்லூரி தமிழாசிரியராக எடுத்துக்கொண்டது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதே அவருடைய தகுதி. திருச்சிக்கார ஆசிரியரின் பெயர் ஒரு பட்டத்துக்குச் சமமாக நின்ற காலம் அது. அனுபவத்தால் கற்றதற்கும் மதிப்பு அளிக்க வேண்டும் என்று தேசியக் கல்விக் கொள்கை வந்தபின் எல்லோரும் பேசுகிறார்கள். தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் அதைக் கணக்கிட முறை வகுக்க முடியுமென்றால், இரண்டு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டவருக்கு ஒரு தாளை விலக்கிக் கொடுக்க முடியாதா?

1982-ல் திருச்சியில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு நாம் வைத்திருப்பது ஒரு கவிஞரின் பெயர். பாரதிதாசன் பல்கலைக்கழகம் இதில் முதலடி வைப்பதுதான் முறை. கவிஞர் பெயரிலான பல்கலைக்கழகத்தில் கவிதை எழுதுவது பாடமாகக்கூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிய கவிதைக்கு மதிப்பெண் கிடைக்கும் ஒரு தாளாவது இருக்கட்டும்.

நூலகத்துறையிடமும் ஒரு வேண்டுகோள். மேலப் புலிவார்டு சாலை மாவட்ட மைய நூலகத்தில் காலையிலிருந்து மாலைவரை நாற்காலி கிடைக்காமல் இளைஞர்கள் படிப்பது போட்டித் தேர்வுக்கு. அவர்களை எழுப்பச் சொல்லவில்லை. காமராசர் பெயரைத் தாங்கிய திருச்சியின் பெரிய நூலகத்தில், வீட்டில் தனி மேசை இல்லாத முதிய மாணவர்களுக்கு ஓர் அறை ஒதுக்குங்கள். தொலைநிலைப் பாடப் புத்தகங்களும் ஒரு செட் அங்கே இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு அந்த அறையில் எழுதியதைப் படித்துப் பார்த்துப் பேசட்டும். மைக்கும் பொன்னாடையும் வேண்டாம்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. பட்டம் வந்தால் பத்திரிகை கதை கேட்கும், பதிப்பாளர் தேடி வருவார் என்று நம்பிச் சேராதீர்கள், வர மாட்டார்கள். படிக்கும் இரண்டு ஆண்டும் எழுதுவதை நிறுத்திவைக்காதீர்கள். நிறுத்தியவர்களில் பலர் திரும்பவில்லை. பள்ளியையே முடிக்காதவர்கள் தயங்க வேண்டாம்: எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதி வரலாம். சற்று நீளமான வழி, ஆனால் எங்கும் 'செல்லாது' என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாத வழி. விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற கட்டம் இருந்தால் 'இல்லத்தரசி' என்றோ 'ஓய்வுபெற்றவர்' என்றோ போட்டுவிட்டு நகராமல் 'எழுத்தாளர்' என்று நிரப்புங்கள். தொலைநிலைப் படிப்புகளுக்கு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது. உச்ச வயது வரம்பு கிடையாது.